சீனாவில் மூன்றரை, திருப்பூரில் பத்தே முக்கால்: இந்த வட்டி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: திருப்பூரில் சிறிய எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறேன். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்திலிருந்து இரண்டு மெஷின் இறக்கினேன். விற்ற கம்பெனிக்காரர் அங்கே அரசு வங்கியில் மூன்றரை சதவீத வட்டிக்குத் தொழில் கடன் வாங்கியிருப்பதாகச் சொன்னார். என் 40 லட்ச ரூபாய் கடனுக்கு நான் கட்டுவது பத்தே முக்கால். 2024 கடைசியில் வாங்கினேன், இன்றுவரை அதே வட்டிதான். "சீனா தன் வங்கிகளை ஒரே மூச்சில் சுத்தம் செய்துவிட்டது, நாம் முப்பது வருஷமாகச் சீர்திருத்தம் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். எல்லா வங்கியையும் தனியாரிடம் கொடுத்தால்தான் சரிப்படும்" என்கிறான் என் தம்பி. இது உண்மையா? மாமியார் பெயரில் 8 லட்ச ரூபாய் டெபாசிட் ஒரே வங்கியில் கிடக்கிறது. அது பத்திரமா? என் கடனுக்கு நான் என்ன செய்யலாம்? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கம்பெனிக்காரரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம். அவருடைய அம்மா வங்கியில் போட்டிருக்கும் டெபாசிட்டுக்கு என்ன வட்டி வருகிறது? 2025 மே மாதம் சீனாவின் பெரிய அரசு வங்கிகள் ஓராண்டு டெபாசிட் வட்டியை 0.95 சதவீதமாகக் குறைத்தன. நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. உங்கள் மாமியாரின் 8 லட்சத்துக்கு இங்கே 7 சதவீதம் என்று வைத்தால் வருஷம் 56,000 ரூபாய் வரும். அதே பணம் அந்தக் கணக்கில் 7,600 ரூபாய்தான் ஈட்டும். மருந்துச் செலவுக்கே காணாது.

இதில் ஒரு பகுதி இயல்பானதுதான். சீனாவில் 2023 முதல் 2025 வரை விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லலாம், அதனால் எல்லா வட்டியும் தாழ்ந்து கிடக்கிறது. ஓராண்டுக் கடனுக்கான அடிப்படை வட்டியே 2025 மே மாதத்தில் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இங்கே விலைவாசி வழக்கமாக வருஷத்துக்கு நாலைந்து சதவீதம் ஏறும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உங்கள் வட்டிக்கும் அவர் வட்டிக்கும் உள்ள தூரம் பாதியாவது குறைந்துவிடும். ஆனாலும் மிச்சம் ஒரு வித்தியாசம் நிற்கிறது. அதற்குப் பின்னால் முப்பது வருஷத்துக் கதை இருக்கிறது. வங்கியில் கடன் பிரிவிலேயே என் வேலைக்காலம் முழுவதும் போனதால், சீர்திருத்தம் என்று யார் பேசினாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: திரும்பி வராத கடனின் நஷ்டத்தைக் கடைசியில் யார் தலையில் வைத்தார்கள்? உங்கள் தம்பியின் வாதத்தையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

நாம் எங்கே தொடங்கினோம் என்பதை முதலில் சொல்கிறேன். 1969இல் 14 வங்கிகள், 1980இல் இன்னும் 6 வங்கிகள் தேசியமயமாயின. கிராமத்துக்குக் கிளை வந்தது, டெபாசிட் பெருகியது, விவசாயிக்கும் சிறு தொழிலுக்கும் கடன் போனது. அது பெரிய காரியம். அதே சமயம் அந்தப் பணத்தில் அரசின் கையும் ஆழமாக இறங்கியது. 1991இல் நீங்கள் வங்கியில் நூறு ரூபாய் போட்டால், 15 ரூபாயை ரொக்க இருப்பாக ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டும். 38.50 ரூபாயை அரசுப் பத்திரம் போன்றவற்றில் போட்டாக வேண்டும். மிச்சம் 46.50. கொடுக்கும் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறு தொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு. வட்டி எவ்வளவு என்பதையும் மேலே இருந்துதான் சொல்வார்கள். மேனேஜர் தன் விருப்பப்படி எடைபோட்டுக் கொடுக்க மிஞ்சியது நூற்றுக்கு முப்பது ரூபாய்கூட இல்லை.

அந்த ஆண்டு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோதுதான் வங்கிச் சீர்திருத்தத்துக்கு எம். நரசிம்மம் தலைமையில் குழு போட்டார்கள். வங்கிக்காரர்களான எங்களுக்கு அந்த அறிக்கையில் வயிற்றைக் கலக்கிய பகுதி, கணக்கை உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னதுதான்.

1993 மார்ச் கடைசி வாரம் இன்னும் நினைவில் இருக்கிறது. கொங்குப் பகுதியில் ஒரு கிளையில் நான் கடன் அதிகாரி. ஒரு சின்ன நூற்பாலையின் கணக்கு எங்கள் மேஜைமேல் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அதில் ஒரு பைசா வரவில்லை. ஆனால் ஒவ்வொரு காலாண்டும் வட்டியைக் கணக்குப் பார்த்து அவர்கள் கணக்கில் பற்று எழுதி, அதே தொகையைக் கிளையின் வருமானத்தில் வரவு எழுதி வந்திருக்கிறோம். பழைய முறையில் ஒரு கணக்கை மோசமென்று முத்திரை குத்தாதவரை அப்படி எழுத இடமிருந்தது. முத்திரை குத்துவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் எங்கள் பார்வையைப் பொறுத்தது. லெட்ஜரைப் பார்த்தால் கிளை லாபத்தில் ஓடியது. நான் ஆலைக்கே நேரில் போனேன். கேட்டில் துருப்பிடித்த பூட்டு. பக்கத்துச் சந்து வழியாக வாட்ச்மேன் உள்ளே கூட்டிப்போனார். நூல் சுற்றும் கதிர்களின் மேல் பஞ்சுத் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது, பேக்கிங் ஷெட்டில் அவருடைய ஆடுகள் கட்டியிருந்தன. புதிய விதிப்படி நான்கு காலாண்டு வட்டி வராமல் நின்றால் அது வாராக்கடன், வராத வட்டியை வருமானமாகக் காட்டக்கூடாது. அன்று மாலை மேனேஜரும் நானும் உட்கார்ந்து, லாபம் என்று எழுதியதைத் திருப்பி எழுதினோம். கிளை நஷ்டத்துக்கு வந்தது. மேனேஜர் வெகுநேரம் பேசவே இல்லை.

நாடு முழுக்க இப்படி எழுதிக் கூட்டியபோது, 1993 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 23.2 சதவீதம். கொடுத்த நூறில் இருபத்து மூன்று ரூபாய் படுத்துக் கிடந்தது.

இதே பத்தாண்டில் சீனா நம்மைவிட மோசமான நிலையில் இருந்தது. 1978 வரை அங்கே வங்கி என்றால் மக்கள் வங்கி என்ற ஒன்றுதான், மத்திய வங்கியும் அதுவே, கடன் கொடுப்பதும் அதுவே. பிறகு அதிலிருந்து பிரிந்தவை, தனியே நின்றவை என்று நான்கு பெரிய அரசு வங்கிகள் வந்தன. கடைசியாக 1984இல் பிரிந்த ஐ.சி.பி.சி. இன்று சொத்து மதிப்பில் உலகத்திலேயே பெரிய வங்கி. இந்த நான்கும் அரசு ஆலைகளுக்குத் திட்டக் கணக்குப்படி கடன் கொடுத்தன. ஆலை நஷ்டத்தில் போனாலும் தொழிலாளிக்குச் சம்பளம் போக வேண்டும், அதனால் மறுபடி கடன். 1990களின் கடைசியில் சாதாரண வங்கிக் கணக்குமுறையில் பார்த்தால் அந்த வங்கிகள் திவால்.

அப்போது அவர்கள் செய்த காரியத்தைத்தான் உங்கள் தம்பி "ஒரே மூச்சு" என்கிறார். 1998இல் அரசு 27,000 கோடி யுவான் பத்திரம் வெளியிட்டு நான்கு வங்கிகளுக்கும் மூலதனம் போட்டது. 1999இல் சின்டா, ஹுவாரொங், கிரேட் வால், ஓரியன்ட் என்று நான்கு கம்பெனிகளைத் தொடங்கி, 1.4 லட்சம் கோடி யுவான் வாராக்கடனை அவற்றின் பெயருக்கு மாற்றினார்கள். கவனியுங்கள், முகமதிப்பிலேயே மாற்றினார்கள். நூறு யுவான் கடனில் இருபது வந்தால் அதிகம் என்று தெரிந்தே நூறு என்று விலை போட்டார்கள். 2003இல் தனியாக ஒரு வங்கி ஒழுங்குமுறை ஆணையம். அதே ஆண்டு டிசம்பரில் ஹூஜின் என்ற கம்பெனியைத் தொடங்கி, அதன் வழியாக அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து 4,500 கோடி டாலரை எடுத்து இரண்டு வங்கிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு மற்ற இரண்டுக்கும் வந்தது. வெளிநாட்டு வங்கிகளைப் பங்குதாரராக அழைத்தார்கள். 2005 முதல் 2010க்குள் நான்கும் பங்குச் சந்தைக்கு வந்தன. 2006இல் ஐ.சி.பி.சி. வெளியீடு அதுவரை உலகம் கண்டதிலேயே பெரியது.

வேகத்தையும் துணிச்சலையும் நான் மறுக்கவில்லை. அந்த அளவுக்கு அழுகிய வங்கிகளைப் பத்து வருஷத்தில் நிமிர்த்தியது சாதனைதான். ஆனால் நஷ்டம் எங்கே போனது? அந்த நான்கு கம்பெனிகளும் பத்து வருஷத்தில் வேலையை முடித்து மூட வேண்டியவை. முதல் சில ஆண்டுகளில் அவை கழித்த கடன்களில் ரொக்கமாகத் திரும்பியது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. வங்கிகளுக்குக் கொடுத்த பத்திரங்களுக்குப் பணம் இல்லை, தவணையை இன்னும் பத்து வருஷம் நீட்டினார்கள். கம்பெனிகளை மூடவும் இல்லை, அவை வேறு வியாபாரங்களில் இறங்கின. அவற்றில் ஒன்றான ஹுவாரொங் 2020ஆம் ஆண்டுக்கு 10,000 கோடி யுவானுக்கும் அதிகமான நஷ்டம் காட்டி, அரசு ஆள் அனுப்பிக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. அதன் முன்னாள் தலைவருக்கு லஞ்ச வழக்கில் 2021 ஜனவரியில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். 2025இல் மறுபடியும் நான்கு பெரிய அரசு வங்கிகளுக்கு (பழைய நான்கில் இரண்டு, வேறு இரண்டு) மூலதனம் போட 50,000 கோடி யுவான் சிறப்புப் பத்திரம். ஒரே மூச்சு என்று எப்படிச் சொல்வது?

பெரும் பகுதி நஷ்டத்தைச் சுமந்தது டெபாசிட்காரர். 2004 தொடக்கத்தில் சீனாவில் ஓராண்டு டெபாசிட்டுக்கு வட்டி 1.98 சதவீதம், ஓராண்டுக் கடனுக்கு 5.31. அரசே நிர்ணயித்த வட்டி இது. நடுவில் இருக்கும் 3.33 சதவீதம் எந்தச் சிரமமும் இல்லாமல் வங்கிக்கு லாபம். அந்த ஆண்டு விலைவாசி ஏறியது 3.9 சதவீதம். ஆக, பணத்தைப் பத்திரமாக வங்கியில் போட்ட குடும்பம் ஒவ்வொரு நூறிலும் சுமார் இரண்டு யுவானை இழந்தது. கிடைத்த அந்த அற்ப வட்டிக்கும் 20 சதவீதம் வரி இருந்தது. பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வேறு போக்கிடமும் குறைவு. டெபாசிட் வட்டியின் உச்சவரம்பை எடுத்தது 2015 அக்டோபரில்தான். அதுவரை வருஷா வருஷம் கோடிக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் வங்கிகளின் ஓட்டை அடைபட்டது. பட்ஜெட்டில் அது வராது. யாரும் அதற்கு ஓட்டுப் போடவும் இல்லை.

வங்கியில் போட்டால் கரைகிறது என்று தெரிந்த மக்கள் என்ன செய்வார்கள்? ஃபிளாட் வாங்கினார்கள், இரண்டாவது ஃபிளாட்டும் வாங்கினார்கள். வீட்டு விலை ஏறியது, கட்டுமானக் கம்பெனிகள் கடன்மேல் கடன் வாங்கின, 2021இல் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுமானக் கம்பெனி கவிழ்ந்தது. தாழ்ந்த டெபாசிட் வட்டி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் அந்த மெஷின்காரர் ஊர் சம்பந்தப்பட்டது. இதே ஜெஜியாங் மாகாணத்தில்தான் வென்ஜோ நகரம் இருக்கிறது. செருப்பு, சிகரெட் லைட்டர், மூக்குக்கண்ணாடி என்று சிறு தொழில் நிறைந்த ஊர், நம் திருப்பூரைப்போல. அரசு வங்கிகள் அரசு கம்பெனிகளுக்கே கடன் கொடுத்ததால், அங்கே தனியார் முதலாளிகள் சொந்தக்காரர்களிடமும் வட்டிக்காரர்களிடமும் கடும் வட்டிக்கு வாங்கினார்கள். 2011இல் அந்தச் சங்கிலி அறுந்தது. பல முதலாளிகள் ஆலையைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடினார்கள், பிரதமரே நேரில் வந்தார். சிறு தொழிலுக்கு மலிவுக் கடன் என்பது அங்கேயும் சமீபத்திய காரியம். 2019இல் பெரிய அரசு வங்கிகள் சிறு தொழில் கடனை அந்த ஒரே ஆண்டில் 30 சதவீதத்துக்குமேல் கூட்ட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. உங்களுக்கு மெஷின் விற்றவருக்குக் கிடைத்த மூன்றரை அந்த உத்தரவுகளின் தொடர்ச்சி. இதில் வங்கிகளின் வரும்படி மெலிந்து போயிற்று. அவற்றின் நிகர வட்டி லாபம் (வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி) இன்று 1.5 சதவீதத்துக்கும் கீழே. நம் வங்கிகளுக்கு அது சுமார் 3. நீங்கள் கட்டும் பத்தே முக்காலில் உங்கள் மாமியாரைப் போன்றவர்களுக்குப் போகும் வட்டி ஒரு பகுதி, வங்கியின் செலவும் லாபமும் ஒரு பகுதி, வராமல் போன மற்றவர்களின் கடனுக்காக ஒதுக்கும் தொகை ஒரு பகுதி.

சரி, நாம் எப்படிச் செய்தோம்? மெதுவாக. வாராக்கடனை வேறு கம்பெனிக்குத் தள்ளாமல் வங்கியின் கணக்கிலேயே வைத்து, லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தோம். 1994 முதல் புதிய தனியார் வங்கிகளை விட்டோம், அவை வந்தபிறகு அரசு வங்கிகளும் கம்ப்யூட்டர் வாங்கின. கட்டாயப் பத்திர முதலீட்டையும் ரொக்க இருப்பையும் படிப்படியாகக் குறைத்தார்கள். 2002இல் சர்ஃபேசி சட்டம் வந்து, கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கையகப்படுத்த வழி கிடைத்தது. 23 ரூபாயாக இருந்த வாராக்கடன் 2008 வாக்கில் இரண்டு சில்லறைக்கு வந்தது. எனக்கு அதில் பெருமை உண்டு.

அப்புறம் நாமே அதைக் கெடுத்துக்கொண்டோம். 2000களின் நடுவிலிருந்து மின்நிலையம், எஃகு, நெடுஞ்சாலை என்று பெரிய பெரிய கடன்கள். நிலக்கரி கிடைக்கவில்லை, நிலம் கிடைக்கவில்லை, சிலர் கடன் பணத்தை வேறு வழிக்குத் திருப்பிவிட்டார்கள். கடன் நின்றதும் "மறுசீரமைப்பு" என்று பெயர் போட்டுத் தவணையை நீட்டினோம். நூற்பாலையில் ஆடு கட்டியிருந்த கதைதான், ஆயிரம் மடங்கு பெரிய தொகையில். 2015இல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது வங்கிகளின் பெரிய கடன்களை நேரடியாக ஆய்வு செய்ய வைத்தார். மறைந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் வாராக்கடன் 14.6 சதவீதம். இந்த முப்பது வருஷத்தில் நடந்ததிலேயே முக்கியமான சீர்திருத்தம் எது என்று கேட்டால் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். வங்கிகளின் பெயரும் பங்கு விலையும் அடிபட்டன, அதற்கும் துணிந்து உண்மையை எழுத வைத்தார்கள்.

நம் நஷ்டத்தை யார் கட்டினார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2016-17 முதல் 2020-21 வரை அரசு தன் வங்கிகளில் போட்ட மூலதனம் 3.1 லட்சம் கோடி ரூபாய். பெரும்பாலும் அரசுப் பத்திரங்களாக. அந்தப் பத்திரத்துக்கு வட்டி கட்டுவது நீங்களும் நானும் செலுத்தும் வரியிலிருந்து. 2016இல் திவால் சட்டம் வந்தது, எஸ்ஸார் ஸ்டீல், பூஷன் ஸ்டீல் போன்ற பெரிய முதலாளிகளின் ஆலைகள் முதல்முறையாகக் கையைவிட்டுப் போயின. எஸ்ஸார் ஸ்டீல் விற்பனையில் சுமார் 42,000 கோடி ரூபாய் வந்தது. ஆனால் எல்லா வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் கோரிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் திரும்புகிறது. மிச்சத்தை வங்கிகள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டன. 2025 மார்ச்சில் எல்லா வணிக வங்கிகளின் வாராக்கடனும் 2.3 சதவீதம்தான் என்று வந்த நல்ல செய்திக்குப் பின்னால் அப்படிக் கழித்த தொகையும் உண்டு.

நம் முறை நியாயமானது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகத் தவணை கட்டும் உங்களைப் போன்றவர் ஓடிப்போனவரின் பங்கையும் வட்டியில் சுமக்கிறீர்கள், அது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் நம் தொகை பட்ஜெட்டில் இருக்கிறது, பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கிறார்கள், பத்திரிகையில் எழுதுகிறார்கள். சீனக் குடும்பம் கட்டிய தொகைக்கு ரசீதே இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் தயங்காமல் நம்முடையதையே எடுப்பேன்.

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடுமா என்பதற்கு உங்கள் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. கரூரில் 1926இல் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி தனியார் வங்கிதான். 2020 நவம்பர் 17 அன்று, கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பத்து நாளில் சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்தார்கள். டெபாசிட்காரர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. கரூரிலும் ஈரோட்டிலும் தாத்தா காலத்துப் பங்குகளைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியிலும் பணம் எடுக்கத் தடை வந்தது. இன்னொரு பக்கம், சீனாவின் நான்கு பெரிய வங்கிகளில் மூன்று பங்குச் சந்தைக்கு வந்து வெளிநாட்டுப் பங்குதாரர்களோடு இருந்தபோதுதான் 2008 நவம்பரில் 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டம் அறிவிப்பானது. 2009இல் புதுக் கடன் முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே இருந்து சொன்னார்கள், வங்கிகள் கொடுத்தன. தலைவர்களை நியமிப்பது கட்சி, அவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

2014இல் பி.ஜே. நாயக் குழு, அரசின் வங்கிப் பங்குகளையெல்லாம் ஒரு தனிக் கம்பெனிக்கு மாற்றி அமைச்சகத்தை விலக்கி வைக்கச் சொன்னது. வடிவத்தில் அது சீனாவின் ஹூஜின் மாதிரிதான். நாம் அதைச் செய்யவில்லை. 27 அரசு வங்கிகளை 12 ஆக இணைத்தோம். செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதிலும் யார் கடன் வாங்கலாம் என்று மேலிருந்து போன் வராமல் இருந்தால்தான் பலன்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. மாமியாரின் டெபாசிட்டுக்கு வருவோம். நம் நாட்டில் டெபாசிட் காப்பீடு 1962இலிருந்து இருக்கிறது, சீனாவில் 2015இல்தான் வந்தது. அங்கே 2022இல் ஹெனான் மாகாணத்தில் சில கிராம வங்கிகள் பணத்தை முடக்கியபோது, மக்கள் ஜெங்ஜோ நகரில் மத்திய வங்கிக் கிளை முன்னால் திரண்டார்கள். இங்கே 2019இல் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் முதல் நாள் வைத்த வரம்பு 1,000 ரூபாய். இரண்டு நாட்டிலும் சின்ன வங்கியில் போட்டவர்தான் முதலில் அடிபட்டார். 2020 பிப்ரவரி முதல் நம் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் வேறு வேறு கிளையில் போட்டாலும் ஒன்றாகவே கூட்டுவார்கள். ஆகவே வட்டி ஏறிக்கொண்டே போகும் என்பதையும் கணக்கில் வைத்து, நாலு நாலாக இரண்டு வங்கிகளில் இருக்கட்டும். பெரிய அரசு வங்கி என்றால் நான் அவசரப்பட மாட்டேன். கூட்டுறவு வங்கியோ சிறிய வங்கியோ என்றால் கட்டாயம் பிரியுங்கள்.

உங்கள் கடனில்தான் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5லிருந்து 5.25க்கு இறக்கியது. ஒன்றே கால் சதவீதம். வங்கிகள் குறு, சிறு தொழிலுக்குக் கொடுக்கும் மாறும் வட்டிக் கடன் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். உங்கள் வட்டி அசையவே இல்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது. நீங்கள் வாங்கியது வங்கியல்லாத நிதி நிறுவனத்தில், அவர்களுக்கு இந்த விதி இல்லை. அல்லது நிலையான வட்டிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அல்லது வங்கி பழைய அடிப்படையிலேயே வைத்திருக்கிறது. சாங்ஷன் லெட்டரை (கடன் அனுமதிக் கடிதத்தை) எடுத்து, வட்டி என்ற இடத்தில் ரெப்போவா, எம்.சி.எல்.ஆரா (வங்கி தன் சொந்தச் செலவை வைத்துப் போடும் பழைய அடிப்படை வட்டி), நிலையான வட்டியா என்று பாருங்கள். ரெப்போ என்று இருந்தும் குறையவில்லை என்றால் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகலாம். 40 லட்சத்துக்கு ஒன்றே கால் சதவீதம் என்றால் வருஷத்துக்கு சுமார் 50,000 ரூபாய். விடாதீர்கள்.

வேறு வங்கிக்கு மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டி அடைப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கும் அல்லது புதுப்பிக்கும் மாறும் வட்டிக் கடன்களில் குறு, சிறு தொழிலுக்கு வணிக வங்கிகள் அதை வாங்கக்கூடாது. உங்களுடையது பழைய கடன் என்பதால் லெட்டரில் போட்டிருப்பதுதான் பேசும். புதுப்பிக்கும் தேதி நெருங்கினால் அதுவரை பொறுங்கள்.

எம்பிராய்டரி ஜாப் ஒர்க் பில்லுக்குப் பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் தொண்ணூறு நாள் இழுத்தால், ஓவர்டிராஃப்டில் அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள். ஆண்டு வியாபாரம் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் என்ற, சிறு தொழிலின் பில்லை முன்கூட்டியே பணமாக்கும் ஆன்லைன் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே உங்கள் பில்லை வங்கிகள் ஏலம் கேட்கும். அந்தக் கம்பெனியின் நாணயத்தைப் பார்த்து வட்டி போடுவதால் உங்கள் சொந்தக் கடனைவிடக் குறைவாகவே அமையும்.

மெஷின்காரர் அடுத்த முறை "தவணையில் தருகிறேன், என் வட்டியே போதும்" என்று சொல்லக்கூடும். விலை டாலரிலா யுவானிலா என்று பாருங்கள். 2010இல் டாலர் 45 ரூபாய், 2025இல் 85ஐத் தாண்டிவிட்டது. வருஷத்துக்கு நாலு சதவீதத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். மூன்றரையோடு அதைக் கூட்டி, மெஷின் விலையில் அவர் எதையாவது ஏற்றியிருக்கிறாரா என்றும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாமியாரின் டெபாசிட் எப்போது முதிர்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நடுவில் உடைத்தால் வட்டியில் கழிப்பார்கள். பெரிய வங்கியில் இருந்தால், முதிரும் நாள்வரை விட்டுவிட்டு அன்று பிரித்துப் போடுங்கள். தானாகப் புதுப்பிக்கும்படி கையெழுத்துப் போட்டிருந்தால் அதை இந்த வாரமே எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள்.